மேளம் நின்றால் எழுந்து வா

எய்யா,

கல்யாண ஆல்பம் கையில் கிடைத்த அன்றைக்கே நீ பெங்களூரிலிருந்து போன் செய்தாய். முதலில் சிரிப்பும் கேலியுமாகத்தான் பேசினாய். உன் அப்பா பந்தியில் மறுபடியும் பாயாசம் கேட்டு டம்ளரை நீட்டுகிற படத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அப்புறம் உன் குரல் கொஞ்சம் இறங்கியது. "எம்மா, நான் தாலி கட்டுத போட்டோவுல ஊரே எங்களப் பாக்குது. நீ மட்டும் எங்கனயோ பாத்துக்கிட்டு நிக்க. அதுக்கு அடுத்த போட்டோவுலயும் அப்படித்தான். பெத்த பிள்ளை கல்யாணத்துல அப்படி என்னத்தம்மா பாத்த?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் கேலி செய்வாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, மருமகள் மகாவிடமும் கொடு, யார் கேட்டாலும் வாசித்துக் காட்டு. உன் அப்பாவுக்கு முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். "மவனுக்கு எழுதுத லெட்டரா, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டா?" என்று கேட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது, அம்மாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க அம்மா சுவிட்ச் போட்டுப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். மறுநாள் அந்த டீச்சர் தன் வீட்டு மிக்ஸியைக் கொடுத்துவிட்டார். நானும் சரிசெய்து அனுப்பினேன். ஆனாலும் நீ சொன்னது முழுத் தப்பில்லை. ஒரு பெரிய கட்டிடத்தில் ஏசி ஒரு கம்பெனி போடும், லிஃப்ட் இன்னொரு கம்பெனி, ஜெனரேட்டர் வேறு ஆள், தீயணைப்பு பம்ப் வேறு ஆள், அலாரம் வேறு ஆள். என் சாமான் நன்றாக ஓடுகிறது என்று ஒவ்வொருத்தரும் நெஞ்சில் அடித்துச் சொல்வார்கள். ஓடவும் செய்யும். ஆனால் அலாரம் அடித்தால் ஏசி நிற்கிறதா, லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்து வைக்கிறதா, அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனால் பம்ப் எதில் ஓடும் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கமிஷனிங் என்பது அதுதான். ஓட்டிப் பார்த்து, வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்து, இனிமேல் ஆட்கள் உள்ளே வரலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள் நான். சென்னையில் ஆஸ்பத்திரி, மால், அடுக்குமாடி ஆபீஸ் என்று அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் என்னை விடவில்லை. நாம் புது இன்வெர்ட்டர் மாட்டிய வாரம் உன் பிறந்தநாள் வந்தது. நீ மெழுகுவர்த்தியை ஊதக் குனிகிற நேரம் பார்த்து நான் மெயினை அணைத்தேன். வீட்டில் ஆள் நிறைந்திருக்கும்போதுதானே அது தாங்குமா என்று தெரியும். தாங்கவில்லை. வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் இருட்டில் குதித்துக் கும்மாளம் போட, நீ மட்டும் அழுதாய். உனக்குச் சைக்கிள் வாங்கியபோதும் அப்படித்தான். ஓட்டப் பழகுவதற்கு முன்னால் பிரேக் பிடிக்கப் பழகு என்று பிடிவாதமாக நின்றேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் பறந்துகொண்டிருக்க, நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ப் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாய். இன்றைக்கும் நான் காபி கொடுத்தால் உன் அப்பா, "டெஸ்டிங் முடிஞ்சிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்கிறார். இப்படி ஒரு அம்மாவோடு வளர்ந்துவிட்டு, நான் எங்கே பார்த்தேன் என்று நீ கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் சொந்த ஊருக்குத் திரும்பியதும் கிடைத்த முதல் பெரிய வேலை, குத்துக்கல்வலசையில் மண்டபத்து முதலாளி அண்ணாச்சி கட்டிய அந்தக் கட்டிடம். கீழே வண்டி நிறுத்த இடம், அதற்கு மேல் கடைகள், மேலே ஏசி கல்யாண மண்டபம், அதற்கும் மேலே அறைகள். சீசனுக்குக் குற்றாலம் வருகிற கூட்டம் அறைகளை நிறைக்கும், மற்ற நாளில் கல்யாணக்காரர்கள் நிறைப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஊர் ஊராகப் போய்ப் பார்த்த வேலையை, வீட்டில் ஆக்கிய சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஆனால் அண்ணாச்சிக்கு அவசரம். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் நடக்காது, அதற்குள் ஆனியிலேயே மண்டபத்தில் ஒரு விசேஷம் நடந்துவிட வேண்டும் என்று தவித்தார். "வெளியாளுக்குக் குடுத்தா நீங்க விட மாட்டிய தங்கச்சி. உங்க மகனுக்கு நிச்சயம் வச்சிருக்கியள்லா, அத இங்கன வையுங்க. ராசியான கை" என்றார். வேறு யார் விசேஷம் என்றாலும் முடியாது என்று அங்கேயே முடித்திருப்பேன். சொந்தப் பிள்ளைக்கு என்றதும் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகப் பார்த்து முடித்திருந்தேன், ஆட்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சரி என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நிச்சயத்தன்று காலையில் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் இப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன். புகையைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர்களுக்குள் கட்டுமானத் தூசி போகாமல் இருக்க பிளாஸ்டிக் மூடி போட்டு வைத்திருப்பார்கள். ஆட்கள் உள்ளே வருகிற நாளில் அவற்றின் கண்ணைக் கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏணி போட்டு ஒன்று விடாமல் கழற்றச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்று கூரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் திருவேங்கடத்திலிருந்து பெண் வீட்டாரின் வேன் வந்து நின்றது.

தட்டு மாற்றுகிற நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் யாரோ சாம்பிராணியைத் தாராளமாக அள்ளிப் போட்டுவிட்டார்கள். புகை நேராக மேலே போனது. ஹூட்டர் அலற ஆரம்பித்தது. ஏசி நின்றது, மைக் தானாக அணைந்தது, லிஃப்ட் கீழே இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு நின்றது, வாசல் கதவுகளின் பூட்டுகள் எல்லாம் விடுபட்டன. நான் வரைந்து கொடுத்தபடி ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் நம் தவில்காரர் சுடலை அண்ணாச்சி இருக்கிறாரே. நல்ல காரியம் நடக்கும்போது தும்மல், அழுகை என்று வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். வேண்டாத சத்தம் ஒன்று மண்டபத்துக்குள் வந்துவிட்டது, அவர் காலம் காலமாகச் செய்கிறதைச் செய்தார். உடம்பில் இருந்த பலத்தை எல்லாம் கைக்குக் கொண்டுவந்து கொட்டினார். மேளம் வேகமெடுத்ததும் சனங்கள் கையிலிருந்த பூவையும் அட்சதையையும் உங்கள் மேல் வீசினார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நிதானமாக வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கட்டிடம் தேறிவிட்டது, உள்ளே இருந்த நாம் எல்லாரும் தேறவில்லை. இது நிஜத் தீயாக இருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. நான் மேடைக்கு ஓடிப்போய் தவிலின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். மேளம் நின்றது. மண்டபம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

அதற்கப்புறம் நடந்தது உனக்கு மறந்திருக்காது. மகாவின் பெரியப்பா, பட்டாளத்தில் இருந்து வந்த மனிதர், மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "தட்டு மாத்துத நேரத்துல எழவு வீட்டுச் சத்தம். அத அமுக்கப் பாத்த மேளத்தையும் மாப்பிள்ளைக்கு அம்மையே நிறுத்திட்டாவ. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" என்றார். மண்டபத்து அண்ணாச்சி என் காதுக்கருகில் வந்து, "மிசின் கோளாறுன்னு சொல்லிருங்க தங்கச்சி. மேடைக்கு மேல உள்ளதுக்கு மூடியப் போட்டுருவோம், சோலி முடிஞ்சுது" என்று கெஞ்சினார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, ரிப்பேருன்னு சொல்லிரும்மா. ஒரு வார்த்தைதான்" என்றாய். எனக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "கருவி சரியாத்தான் வேலை செஞ்சுது. நாமதான் எந்திரிக்கல. எல்லாரும் எந்திரிச்சு வெளிய போறத என் கண்ணால பாக்காம இந்த மண்டபத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், எம்மகன் கல்யாணமா இருந்தாலும் சரி" என்றேன். பெரியப்பா, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று ஒரே சொல்லில் முடித்தார். அத்தனை பேருக்கும் இலை போட்டுத் தயாராக இருந்தது. கை நனைக்காமலே அவர்கள் வேனில் ஏறினார்கள்.

அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை. விடிந்ததும் கூட்டாளிகளோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போவாய். சிவந்த கண்ணோடு திரும்பி வந்து, "அருவித் தண்ணி கண்ணுல அடிச்சிட்டு" என்று உன் அப்பாவிடம் சொல்வாய். நானும் நம்பிய மாதிரி அடுக்களையில் நிற்பேன். எய்யா, எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ பெரிய மனிதர்களிடம், மந்திரி வருகிறார், திறப்பு விழா வைத்தாகிவிட்டது என்று நெருக்கியவர்களிடம் எல்லாம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஊரான் கட்டிடத்துக்கு முடியாது என்று சொல்வது சுலபம். நீ ஆசைப்பட்ட பெண்ணை என் ஒரு வார்த்தையால் இழந்துவிடுவாயோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அந்தச் சான்றிதழை மேசையில் விரித்து வைத்துப் பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். உனக்கு இது தெரியாது.

அந்த நேரத்தில்தான் மகாவின் போன் வந்தது. அவள் டீச்சராக இருக்கிற வீரகேரளம்புதூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து, சாப்பாட்டு இடைவேளையில், பின்னால் பிள்ளைகள் போடுகிற கூச்சலோடு பேசினாள். "அத்தை, நான் மகா பேசுதேன். உங்க அலாரம் எனக்குக் கேக்கவே இல்லத்தை" என்றாள். அது எனக்குத் தெரியும் என்றேன். "நீங்க ஓடியாந்து தவில்ல கைய வச்சியள்லா, அப்பந்தான் நிமிந்து பாத்தேன். நான் மட்டுமில்ல, அத்தன பேரும் பாத்தாவ. மேளம் நின்னா திரும்பாத ஆளு நம்ம ஊர்ல உண்டா? கூடக் கொஞ்சம் சத்தம் வச்சு எங்கள எந்திரிக்க வைக்க முடியாதுத்தை. இருக்க சத்தத்த நிறுத்துங்க." நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் சத்தமான ஹூட்டர் எங்கே கிடைக்கும் என்று அதுவரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தவள் நான். பெரியப்பா என்ன சொல்லுகிறார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மேளம் பாதியில நின்ன எடத்துல இருக்கப்பிடாதுங்காவ" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இருக்கப்பிடாதுல்லா அத்தை, எந்திரிச்சுப் போகணும். நமக்கும் அதான வேணும்?" என்றாள். நான் பேனாவை மூடி வைத்தேன். நீ என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் இந்தப் பிள்ளையை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் வேலை விறுவிறுவென்று நடந்தது. மணவறைக்கு நேர் மேலே இருந்த டிடெக்டரை மாற்றி, புகைக்கு அசையாமல் தீயின் வெக்கைக்கு மட்டும் அலறுகிற வகையைப் போடச் சொன்னேன். ஓமப் புகைக்கு இனிப் பயமில்லை. மேளக்காரர்கள் உட்காருகிற இடத்துக்கு எதிர்த் தூணில் ஒரு சிவப்பு விளக்கு வைத்து அலாரத்தோடு இணைத்தோம். அது எரிந்தால் மேளம் நிற்க வேண்டும். சுடலை அண்ணாச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன வந்தாலும் மேளம் நிக்கப்பிடாதுன்னுதான் எங்கய்யா சொல்லித் தந்தாவ. நீங்க நிறுத்தச் சொல்லுதிய" என்றார். லைட் எரிந்தால் மட்டும்தான் என்றேன். "எரியலன்னா?" என்றார். "வெளுத்து வாங்குங்க" என்றதும் முகம் மலர்ந்தது. எந்த ஊர் மேளம் வந்தாலும் முதலில் விளக்கைக் காட்டிவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டும் என்று மண்டபத்து அண்ணாச்சியிடமும் சொல்லி வைத்தேன். அலாரத்தோடு சேர்ந்து ஒலிக்கக் கம்பெனிக்காரன் பதிந்து அனுப்பியிருந்த அறிவிப்பு இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது, விமானம் தாமதம் என்று சொல்கிற மாதிரி ஒரு குரல். அதை எடுத்துவிட்டு மகாவைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். நான் எழுதிக் கொடுத்ததைத் தள்ளி வைத்துவிட்டு அவள் இஷ்டத்துக்குப் பேசினாள்.

எல்லாரும் குறை சொல்கிற ஆடி மாதம் என் தொழிலுக்கு ஒரு வரம். முகூர்த்தம் கிடையாது, அதனால் மண்டபம் சும்மா கிடக்கும், மேளமும் சும்மா இருக்கும், சமையல்காரரும் வீட்டில் இருப்பார். கல்யாணம் இல்லாத ஒரு கல்யாணச் சாப்பாடு, நடுவில் எப்போதாவது அலாரம் அடிக்கும், மேளம் நின்றால் எழுந்து வாருங்கள் என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினோம். சாரல் விழுந்துகொண்டிருந்த நாள். பாதிப் பேர் அருவியில் குளித்த கையோடு, தோளில் ஈரத் துண்டும் தலையில் எண்ணெய் வாசமுமாக வந்து உட்கார்ந்தார்கள். உன் அப்பாவை மாடிப்படிப் பக்கம் நிறுத்தி, விசில் ஊதக் கூடாது, யாரையும் அதட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். மகாவின் பெரியப்பாவும் வந்தார். "நான் சாப்பிட வரல. பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நீ கடைசி வரிசையில், என் பக்கம் திரும்பாமல் இருந்தாய்.

மேளம் நல்ல சூட்டில் இருக்கும்போது பின்பக்கம் சாம்பிராணி போடச் சொன்னேன். தூணில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுடலை அண்ணாச்சியின் கை தவிலைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அத்தனை தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. அந்த அமைதியில் ஹூட்டர் முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டது. அதை அடுத்து மகாவின் குரல். "எல்லாரும் எந்திங்க. பக்கத்துல உள்ள வாசல் வழியா மெதுவா வெளிய வாங்க. பிள்ளைகளக் கையில பிடிங்க. செருப்பத் தேடாதிய. பந்தி எங்கயும் போவாது. எந்திங்க." பந்தி எங்கேயும் போகாது என்றதும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள் பார், அதை நான் எந்தக் கட்டிடத்திலும் பார்த்ததில்லை. முதலில் எழுந்தவர் பெரியப்பா. பட்டாளத்து விறைப்போடு எழுந்து நின்று, பின்வரிசையில் அசையாமல் இருந்தவர்களைப் பார்த்து, "கேக்கலயா, பிள்ளை சொல்லுதுல்லா. எந்திங்கலே" என்றார். வாசல் வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போனார். படியோரம் நின்ற உன் அப்பாவுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போனது.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் அந்த மண்டபத்தில் வரிசை வரிசையாக நடந்தேன். ஒரு நாற்காலியில் ஈரத் துண்டு கிடந்தது, ஒன்றில் பாதி தின்ற முறுக்கு. ஆள் ஒருவரும் இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கீழே வந்தபோது ரோட்டோரம் சாரலில் மொத்தக் கூட்டமும் நின்றுகொண்டிருந்தது. நேராகப் பெரியப்பாவிடம் போய், இப்போது சகுனம் எப்படி என்று கேட்டேன். முகத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நெசமாவே ஒண்ணு நடந்தா, எங்க வீட்டுப் பிள்ளை குரலக் கேட்டுத்தான் சனம் பொழைக்கும். இத விட நல்ல சகுனம் என்ன இருக்கு சம்பந்தியம்மா?" என்றார். பிறகு, "இலையப் போடச் சொல்லுங்க. பசிக்கி" என்றார். உள்ளே போய்ப் பந்தியில் அவர் உட்கார்ந்து சோற்றைப் பிசைகிற வரைக்கும் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் தலைக்கு மேலே குடையைப் பிடித்தது அப்போதுதான் தெரிந்தது. மண்டபத்துக்குள் எதற்குக் குடை என்று திரும்பினால் நீ. "தல நனஞ்சிருக்கும்மா" என்றாய். அப்புறம், உன் அப்பா கேட்கிற மாதிரியே, "டெஸ்டிங் முடிஞ்சிட்டா?" என்றாய். அத்தனை நாளுக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

முடிந்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னேன். முழுக்க உண்மை இல்லை. எங்கள் தொழிலில் கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே வராது. ஆவணியில் உன் கல்யாணம். மண்டபம் நிறைந்து, நிற்க இடம் இல்லை. ஓமப் புகை சுருண்டு சுருண்டு மேலே போகிறது, சுடலை அண்ணாச்சி கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்கிவிட்டார், உன் கையில் தாலி. அத்தனை கண்ணும் உங்கள் மேல் இருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் மண்டபத்தில் வேறு எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். நான் தூணில் இருந்த விளக்கைப் பார்த்தேன். அது எரியவில்லை. எரியாத விளக்கைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேளம் ஏறி இறங்கியதை வைத்து நீ முடிச்சுப் போட்டுவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். வருத்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. அந்த நிமிஷம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. ஆனால் என் பிள்ளையும், அவனை வாழ்த்த வந்த சனமும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கும்போது, என்னால் அந்தக் கூரையைத்தான் பார்க்க முடிகிறது. என் பிரியம் இப்படித்தான் இருக்கிறது, எய்யா. இதை மாற்றிக்கொள்ள எனக்கு வயதாகிவிட்டது.

உனக்குப் புத்தி சொல்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன், கேட்டுக்கொள். புது வீட்டில் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே போ. பொய் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று தோன்றுகிற இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சு விடு, நேரான வழி ஒன்று வந்து சேரும், சமயத்தில் அது போனில் வரும். இன்னொன்றும் இருக்கிறது. மகா சத்தம் போட்டால் பயப்படாதே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பழகியவள், சத்தம் போடத்தான் செய்வாள். கேட்டுக்கொண்டு வேலையைப் பார். ஆனால் பேசிக்கொண்டிருக்கிறவள் பேச்சை நிறுத்திவிட்டால், கையில் இருப்பது போனோ லேப்டாப்போ, அப்படியே போட்டுவிட்டு எழுந்து போ. செருப்பைத் தேடாதே. உன் அப்பாவுக்கு இது பிடிபட ரொம்ப வருஷம் ஆயிற்று, அவரிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது ஆல்பத்தை எடு. நீ போனில் கேட்டபோது நானும் இங்கே நம் வீட்டுக்கு வந்த ஆல்பத்தில் அதே படத்தைத்தான் விரித்து வைத்திருந்தேன். நீ சொன்ன பிறகு உற்றுப் பார்த்தேன், அப்போது கண்ணில் பட்ட ஒன்றினால்தான் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். நீ தாலி கட்டுகிறாய். நான் ஓரமாகத் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மகா தலை குனிந்திருக்கிறாள், வெட்கம் என்று நீ நினைத்திருப்பாய். அவள் கண்ணை மட்டும் பார். உன்னையும் பார்க்கவில்லை, தாலியையும் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு, கடைக்கண்ணால், அவளும் அந்தத் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அம்மா